இடது பாதி இசக்கிக்கு

ஜனவரி 6, செவ்வாய்

உரக்கடை முதலாளி என் வீட்டுக்காரருக்கு இந்த டைரியைக் கொடுத்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவருக்கு டைரி எதற்கு? மூட்டை ஏற்றினேன், மூட்டை இறக்கினேன் என்று வருஷம் முழுவதும் ஒரே வரியைத்தான் எழுதுவார். அதனால் நான் பிடுங்கிக்கொண்டேன். படித்தது ஐந்தாவது. அதிலும் பாதி நாள் தீப்பெட்டி ஒட்டப் போய்விட்டேன். கையெழுத்து கோணல்தான். இருக்கட்டும், வாய் நேராகத்தானே இருக்கிறது.

இன்று ஒரு விசேஷம். கோவில்பட்டி மெயின் ரோட்டில், மருந்துக்கடை மாடியில் ஜெசிந்தா மேடம் பார்லர் வைத்திருக்கிறார். காலையில் கூட்டித் துடைக்கிறது நான்தான். மத்தியானம் அங்கே மேக்கப் வகுப்பும் உண்டு. மார்ச் மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. குமரிகள் முகத்தில் போட்டுக் காட்டினால் மட்டும் போதாதாம், நாற்பத்தைந்து தாண்டிய முகம் ஒன்றிலும் போட்டுக் காட்ட வேண்டுமாம். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது மேடம் என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“புஷ்பக்கா, நல்ல எலும்பு உங்களுக்கு. மூஞ்சியக் கொஞ்ச நாள் கடனாத் தாங்களேன்.”

“தாரேன் மேடம். திருப்பித் தரும்போது பழைய மாதிரியே தரணும். வீட்ல ஒருத்தரு அடையாளம் தெரியாம கதவச் சாத்திருவாரு.”

செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. வெள்ளிக்கிழமை பிரியாணி. தங்கபுஷ்பம் என்று எனக்குப் பெயர் வைத்ததற்கு இப்போதுதான் அர்த்தம் வந்திருக்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

முகம் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. அதனால் மேடம் பாகப்பிரிவினை செய்துவிட்டார். புருவம் எடுக்கிற நூலை மாவில் முக்கி, நெற்றி நடுவில் வைத்து மூக்கு வழியாகத் தாடை வரைக்கும் ஒரு கோடு போட்டார். வலது பாதி ரோஸ்லினுக்கு. இடது பாதி இசக்கிக்கு. பரீட்சையிலும் இப்படித்தானாம். இரண்டு பாதியும் ஒரே கை போட்டது போல இருந்தால்தான் மார்க்.

ரோஸ்லின் அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவர். அந்தப் பிள்ளைக்கு இது பொழுதுபோக்கு. இசக்கி அப்படி இல்லை. கயத்தாறு பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். இருபத்தாறு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய், அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இதில் தேறிவிட்டால் மதுரையில் ஒரு பார்லரில் தங்கி வேலை பார்க்கலாம், மேடம் பேசி வைத்திருக்கிறார். தேறாவிட்டால் அண்ணி பார்த்து வைத்திருக்கிற ஆளுக்கு இரண்டாம் தாரம். அந்த ஆளுக்கு ஐம்பது வயது என்று அவளே சொன்னாள். “அப்ப எனக்குத்தான்ட்டி பொருத்தம், உனக்கெதுக்கு?” என்றேன். சிரித்தாள். சிரித்தால் நல்லா இருக்கிற பிள்ளை.

இன்று பாடம் கான்டூர். மேடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இருட்டு வைத்தால் பள்ளம், வெளிச்சம் வைத்தால் மேடு. பழுப்பு க்ரீமைக் கன்ன எலும்புக்குக் கீழே இழுத்துத் தேய்த்தால் கன்னம் உள்ளே போகும். எலும்பு மேலே வெளிர் க்ரீம் வைத்தால் எலும்பு தூக்கும். கடைசியில் பவுடரை ஒற்றினால் எல்லாம் அசையாமல் நிற்கும். கன்னத்தில் பள்ளம் எங்கே என்று கண்டுபிடிக்க மீன் மாதிரி உதட்டைக் குவிக்க வேண்டும்.

“மீன் வாய் வைங்க அத்தை” என்றாள் இசக்கி.

“என்ன மீனு? சாளையா, விலாங்கா?”

“ஏதோ ஒரு மீனு. பேசாம வைங்க.”

வைத்தேன். இடது காதுக்குக் கீழே அவள் விரல் நின்றது.

“இங்க கொசு கடிச்சிருக்கு போல.”

“எங்க தெருக் கொசு அப்படித்தான். நல்லா சாப்பிட்டு வளர்ந்தது.”

வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தேன். பட்டாணி அளவு. வலி இல்லை. பிரியாணியில் கறி கம்மி.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கரும்பை வலது பக்கமே கடித்தேன். பல் இரண்டு பக்கமும்தான் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு லீவு விட்டால் என்ன.

ஜனவரி 25, ஞாயிறு

ஞானசுந்தரி அக்கா போன நாள். அவளுக்குப் பிடித்த உளுந்த வடையும் பால் பாயசமும் வைத்துக் கும்பிட்டேன்.

அக்காவுக்குக் கழுத்தில் வந்தது. நெல்லிக்காய் மாதிரி. ஆஸ்பத்திரியில் அதற்குள் ஊசியைக் குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவைத் திறந்து சிரித்துக்கொண்டே வந்தாள். “வலிக்கவே இல்லடி” என்றாள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் பருத்திப்பால் குடித்தோம். ஆடி மாதம் ஊசி போட்டார்கள், தை மாதம் போய்விட்டாள். ஊசி படாமல் இருந்திருந்தால் அது பாட்டுக்கு இருந்திருக்கும், குத்தின வழியாகத்தான் உடம்பெல்லாம் ஓடிவிட்டது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. வடை நன்றாக வந்திருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று மேடம் இசக்கியைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பாதியும் முடிந்ததும் மேடம் எட்ட நின்று பார்த்தார். விளக்கை இந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தார். “ரோஸ்லின் பக்கம் தாடை கத்தி மாதிரி இருக்கு. உன் பக்கம் என்ன இது, பணியாரம் மாதிரி இருக்கு? நிழல் எங்க போடணும்னு நாலு வாரமாச் சொல்லுதேன். அழி. மறுபடி போடு.”

இசக்கி அழித்துப் போட்டாள். மறுபடியும் பணியாரம்தான். மூன்றாவது தடவையும் அதேதான்.

“உனக்குக் கை வரலை. மதுரைக்காரங்ககிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு உன்னப் பத்திச் சொல்ல?”

இசக்கி கண்ணில் தண்ணீர் நின்றது. பிரஷ்ஷைக் கழுவப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். தண்ணீர் திறந்தபடியே ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். “டீ சொல்லட்டுமா மேடம்?” என்றுதான் வந்தது.

“பல்லு கில்லு வீங்கியிருக்காக்கா?” என்று மேடம் கேட்டார்.

“ஆமா மேடம், கடவாப்பல்லு. கடலை மிட்டாய் ஊர்ல பொறந்துட்டு பல்லோட போக முடியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் இசக்கி போகவில்லை. “அத்தை, ஒரு அரை மணி நேரம் இருங்க. இன்னிக்கு இந்தப் பக்கமா நானான்னு பாத்திருதேன்” என்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

கன்னத்துப் பள்ளத்தை விட்டுவிட்டாள். நேரே காதுக்குக் கீழே வந்தாள். அந்த மேட்டின் உச்சியிலேயே பழுப்பை வைத்தாள். மோதிர விரலால் ஒற்றி ஒற்றி, ஓரம் தெரியாமல் கழுத்து வரைக்கும் கரைத்தாள். அதைச் சுற்றிப் பள்ளமாக இருக்கிற இடத்தில் வெளிர் க்ரீம். பிறகு பவுடர். ஜன்னலைச் சாத்தி விளக்கைப் போட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள்.

போய்விட்டது.

தொட்டால் இருக்கிறது. பார்த்தால் இல்லை. வலது தாடை மாதிரியே இடது தாடையும் நேராக ஓடுகிறது. முப்பது வயதில் என் முகம் இப்படித்தான் இருந்தது.

“ஏட்டி இசக்கி, நீ மந்திரவாதிட்டி!”

“மேடு எங்க இருக்கோ அங்க இருட்டு. பாடத்துல உள்ளதுதான். ஆனா அத்தை, தாடையில அந்த இடத்துல யாருக்கும் மேடு கிடையாது.”

“எனக்குத் தனியா கொடுத்து விட்டிருக்கான் ஆண்டவன்.”

முகத்தைக் கழுவாமலே வீட்டுக்கு வந்தேன். தெருவில் நாலு பேர் பார்க்கிற மாதிரி மெதுவாக நடந்து வந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

அடி தீர்ந்த பழுப்பு க்ரீம் டப்பா ஒன்றை வெள்ளிக்கிழமையே இசக்கியிடம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டாள். “எங்க வீட்டுக்காரரை மயக்கத்தான்” என்றேன். போட்டுக் காட்டிக் கொடுத்தாள். காலையில் எழுந்து பல் விளக்கியதும் முதல் வேலை இதுதான். இரண்டு நாளில் கை வந்துவிட்டது.

இவர் சாப்பிட உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன, பவுடரெல்லாம் பலமா இருக்கு?”

“உரக்கடை முதலாளி வீட்டுக்கு வாரேன்னாரே, அதுக்குத்தான்.”

சாம்பாரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். பாவம், இத்தனை வருஷமாகியும் இவருக்கு என் வாய் பழகவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆட்டோ ஸ்டாண்ட் எங்கள் வீட்டு மாடியிலிருந்து கூப்பிடு தூரம். நான் கூப்பிட மாட்டேன். விசில் அடிப்பேன். கல்யாணமான புதிதில் இவர் வெட்கப்பட்டுச் செத்தார். இப்போது ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களே, “பால்துரை அண்ணே, சோறு ரெடியாம்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இன்று மத்தியானம் விசில் வரவில்லை. காற்று இடது பக்கமாகப் போய்விடுகிறது. நாலைந்து தடவை ஊதிப் பார்த்தேன். சைக்கிள் டியூபில் காற்றிறங்குகிற சத்தம்தான். வாய் காய்ந்திருக்கும். சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தேன்.

கீழே இறங்கிப் போய்க் கூப்பிட்டேன்.

“ஏன், விசிலு என்னாச்சு?” என்றார்.

“வயசான பொம்பளை, இனிமே மரியாதையா இருக்கலாம்னு பாக்கேன்.”

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதிவிட்டு மறந்துவிட வேண்டும்.

கடைசியில் பவுடர் போடும்போது கண்ணை மூடச் சொல்வார்கள். மூடினேன். ரோஸ்லின் போட்டுவிட்டாள். இசக்கி போடவில்லை.

“கண்ண மூடுங்க அத்தை.”

“மூடித்தானட்டி இருக்கேன்.”

“இல்ல அத்தை. மூடுங்க.”

“கிண்டலா? மூடியாச்சு.”

அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. பிறகு விரலை வைத்து என் இடது இமையை மெள்ளக் கீழே இழுத்து மூடினாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அதுவரைக்கும் ஓரமாக அவள் பச்சை வளையல் தெரிந்துகொண்டிருந்தது என்று.

இறந்தவர்களுக்குத்தான் அப்படி மூடுவார்கள்.

“தூக்கம் பத்தலட்டி, ஒரு கண்ணு முழிச்சிருக்கு, ஒரு கண்ணு தூங்குது. ஆள் திருட்டு ஆளுல்லா” என்றேன். ரோஸ்லின் சிரித்தாள்.

இசக்கி பவுடர் பஞ்சை வைத்துக்கொண்டே நின்றாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

டீ குடித்தால் இடது ஓரம் வழிகிறது. ஸ்ட்ரா வைத்துக் குடித்தால் ஸ்டைலாக இருக்கும் என்று மேடத்திடம் சொன்னேன். இளநீர் என்று நினைத்துக்கொள்கிறேன் என்றேன்.

முன்னே ஒரு விரலால் ஒற்றினால் போதும். இப்போது மூன்று விரல் வேண்டியிருக்கிறது. இசக்கி கொடுத்த டப்பா காலி. புதிது வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 28, சனி

தலையணை உறை துவைத்தேன். இவர் சட்டை மூன்று. என் உள்பாவாடை இரண்டு. இடது கண் எரிகிறது.

மார்ச் 10, செவ்வாய்

இன்று மீன் வாய் வைக்கச் சொன்னார் மேடம். வைத்தேன். ரோஸ்லின் பக்கம் மட்டும் மீன் வந்தது. மேடம் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

இசக்கி என் காதோடு சொன்னாள்: “மீன் வேண்டாம் அத்தை. உங்க பாதி எனக்கு மனப்பாடம்.”

இரண்டு பாதியும் அச்சு வார்த்தது போல இருந்தது. மேடம் இசக்கி முதுகில் தட்டினார். “இதத்தானடி இத்தன நாளாக் கேட்டேன்! அடுத்த வாரமும் இப்படியே போட்டுக் குடுத்துரு, மதுரை உனக்குத்தான்.”

பஸ் ஸ்டாப் வரைக்கும் இசக்கி கூடவே வந்தாள். கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“அத்தை, ஒரு நாளாவது க்ரீம் இல்லாம வாங்களேன். வெறும் மூஞ்சியோட.”

“வெறும் மூஞ்சியப் பாத்தா உனக்கு ராத்திரி பயத்துல காய்ச்சல் வந்துரும்.”

“நான் வெளையாடல.”

“நான் எப்பட்டி வெளையாடாம இருந்திருக்கேன்?”

“அதத்தான் சொல்லுதேன்” என்றாள். கயத்தாறு பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் கையாட்டினேன். பஸ் நகர்கிற வரைக்கும் என் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

பல் டாக்டரிடம் போய் வந்துவிட்டேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். என்ன சொன்னார் என்று கேட்டார். ஈறுதான் என்றார் என்றேன். பொய்கூடக் கோணல் இல்லாமல் வந்தது.

வெள்ளிக்கிழமை பரீட்சை. அந்தப் பிள்ளை தேறிவிட வேண்டும். அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எதைப் பார்க்க வேண்டுமோ அதை.

மார்ச் 20, வெள்ளி

மதுரையிலிருந்து பரீட்சை வைக்க ஒரு அம்மா வந்தார்கள். கண்ணாடி போட்ட, கறாரான ஆள். பார்லர் முழுக்க ஊதுபத்தியும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை. நான் பச்சைக் கரை வைத்த புதுச்சேலை. நாற்காலியில் உட்கார்ந்ததும் நூலைப் பிடித்துக் கோடு போட்டார்கள். வலது பாதி ரோஸ்லினுக்கு. இடது பாதி இசக்கிக்கு.

இசக்கி இன்று ஒரு தடவைகூட அழித்துப் போடவில்லை. இருட்டை வைக்க வேண்டிய இடத்தில் இருட்டு, வெளிச்சத்தை வைக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம். கண்ணுக்குப் பவுடர் போடும்போது, யாரும் சொல்லாமலே இடது கையால் என் இமையை மூடிக்கொண்டாள். மூடித் திறந்ததும் கோட்டைத் துடைத்தார்கள். அந்த அம்மா முன்னாலிருந்து பார்த்தார்கள், பக்கவாட்டில் பார்த்தார்கள். “சுத்தமா இருக்கு” என்றார்கள். மேடம் சுவரோரமாக நின்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

பிறகு அந்த அம்மா சொன்னார்கள்: “கொஞ்சம் சிரிங்க. சிரிச்சா க்ரீம் மடிப்புல பிரியுதான்னு பாக்கணும்.”

சிரிப்புதானே, அது நமக்குக் கைவந்த கலை. சிரித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சாதாரணமாக நான் சிரித்தால் எதிரில் இருக்கிறவர்களும் சிரித்துவிடுவார்கள்.

“நல்லா சிரிங்கம்மா. ரெண்டு பக்கமும்.”

நல்லாத்தான் சிரித்தேன். பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன். ரோஸ்லின் போட்ட பொம்பளை சிரித்துக்கொண்டிருந்தாள். இசக்கி போட்ட பொம்பளை என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அழகாக, முப்பது வயதில், சும்மா இருந்தாள்.

அந்த அம்மா இசக்கி பக்கம் திரும்பினார்கள். “க்ரீம எவ்வளவு அப்பியிருக்க? கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு, தோலே அசைய மாட்டேங்குது. பாக்க மட்டும் நல்லா இருந்து என்ன பிரயோஜனம்? கல்யாணப் பொண்ணு சிரிக்க வேண்டாமா?” பேனாவை எடுத்தார்கள்.

இசக்கி மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், க்ரீம் இல்லை என்று. சொல்லிவிடலாம். சொல்லவில்லை. நான் சொல்லட்டும் என்று நின்றாள். ஐம்பது வயது ஆளுக்கு இரண்டாம் தாரம் நிற்கிற மாதிரி நின்றாள்.

மேசையில் ஈரத் துணி இருந்தது. எடுத்தேன். இடது பாதியை, காதிலிருந்து கழுத்து வரைக்கும் அழுத்தித் துடைத்தேன். பழுப்பாக வந்தது. மடித்து மறுபக்கத்தால் இன்னொரு தடவை துடைத்தேன்.

“அவ தப்பில்லம்மா. அவ போட்டது சுத்தமாத்தான் இருந்துச்சு. மூஞ்சிதான் ஓட்டை மூஞ்சி. அந்தப் பிள்ளைக்கு வேற ஒரு மூஞ்சி குடுங்க” என்றேன்.

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் வந்து என் தாடையைப் பிடித்தார், முதல் நாள் மாதிரியே. இப்படியும் அப்படியும் திருப்பவில்லை. பிடித்தபடி நின்றார். “பல்லுன்னு சொன்னீங்களேக்கா” என்றார்.

“பல்லுக்குப் பக்கத்துலதான மேடம்.”

அந்த அம்மா மட்டும்தான் தொட்டுப் பார்த்தார்கள். நெல்லிக்காய் இல்லை, எலுமிச்சம்பழம். “எத்தன நாளா?” என்று கேட்டார்கள். அந்தக் கறார்க் குரல் எங்கேயோ போய்விட்டது.

இசக்கி கிட்டே வரவில்லை. கையில் இருந்த பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “என் கையாலயே மூட வச்சிட்டீங்களே அத்தை. இத்தன நாளும் என் கையாலயே மூட வச்சிட்டீங்களே.”

எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

மேடமே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கும் நாப்பத்தாறு ஆச்சு. எம் மூஞ்சியில போடச் சொல்லுங்க” என்றார்.

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 21, சனி

இவரிடம் எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். காலையில் க்ரீம் போடாமல் டீயைக் கொண்டு போய்க் கொடுத்தேன். பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“உன் தலையணை உறையில ஒரு பக்கம் மட்டும் பழுப்பா இருக்கும்” என்றார். “ஒரு மாசமாப் பாக்கேன். ஏன் ஒரு பக்கம் மட்டும்னு கேக்கணும்னு நெனச்சேன்.”

“கேக்க வேண்டியதுதான?”

“கேட்டா நீ எதையாவது சொல்லிச் சிரிக்க வச்சிருவ. அப்புறம் நான் என்னத்தக் கேக்க?”

எழுந்து போய் ஆட்டோவில் கிடந்த உர மூட்டைகளை எல்லாம் இறக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவினார். சனிக்கிழமை யாரும் வண்டி கழுவுவதில்லை.

மார்ச் 23, திங்கள்

இசக்கி வீட்டுக்கு வந்தாள். கதவைத் தட்டாமலே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள்.

“பாஸாயிட்டேன். அடுத்த வாரம் மதுரைக்குப் போறேன். உங்ககூடப் பேச மாட்டேன், அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“சரி, பேசாத.”

பேசாமல் இரண்டு கட்டு முருங்கைக்கீரையையும் ஆய்ந்து கொடுத்தாள். போகும்போது என் முகத்தைப் பார்த்தாள், கண்ணாடியில் தன் வேலையைப் பார்ப்பாளே அது மாதிரி. விரலை என் இடது கன்னத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். தொடவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. கழுவி வைத்த ஆட்டோவில் காலையிலேயே வந்துவிட்டோம். வாசலில் நர்ஸ் சொன்னாள், “பவுடர் எதுவும் இருந்தா கழுவிட்டு வாங்கம்மா.” ஒன்றும் போடவில்லை, பழக்கத்தில் கை தாடைக்குப் போனது. குழாயில் கழுவினேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் முன்னமே தொட்டுப் பார்த்துவிட்டார். முகத்துக்குப் போகிற நரம்பை அது பிடித்துக்கொண்டிருக்கலாம் என்றார். ஊசியில் எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று சொல்ல முடியும் என்றார். “ஏம்மா முன்னாடியே வரல?” என்றார். “முன்னாடி வந்தா இவ்வளவு நேரம் பேசியிருப்பீங்களா டாக்டர்?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த கதவு அதே மாதிரி கதவு. பச்சைக் கதவு, கைப்பிடி தேய்ந்தது. அக்கா திறந்துகொண்டு வந்தாளே, அது போல.

இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இவர் பக்கத்தில் உதட்டைக் குவித்தார். வாழ்நாளில் விசில் அடித்திராத மனுஷன். பாதி காற்று, பாதி சத்தம். நான் மாடியிலிருந்து கூப்பிடுகிற அதே விசில். காது சிவந்துபோய்த் தரையைப் பார்த்துக்கொண்டார். நான் எழுந்து போனேன்.

உள்ளே படுக்க வைத்து முகத்தை வலது பக்கம் திருப்பினார்கள். இடது கண்தான் மூட மாட்டேன் என்கிறதே. அதனால் ஊசி வருவதை அது மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஊசி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. முடிந்துவிட்டது என்றார்கள். முடிவு சொல்ல ஒரு வாரம் ஆகுமாம்.

வெளியே வந்தேன். இவர் எழுந்து நின்றார். கையில் ஒரு டம்ளர் பருத்திப்பால், எங்கேயோ போய் வாங்கி வைத்திருந்தார், ஆறிப்போயிருந்தது.

“வலிச்சுதா?” என்றார்.

சிரித்தேன். எந்தப் பக்கம் சிரித்தது என்று பார்க்க அங்கே கண்ணாடி இல்லை.

“வலிக்கவே இல்லைங்க” என்றேன்.